காருக்குள் ஒரு கறுப்புப் பெட்டி

2011ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். பொழுது இன்னும் சரியாகப் புலரவில்லை. அம்மாநிலத்தின் துணை ஆளுநர் திமோத்தி மர்ரே அரசாங்கக் கார் ஒன்றைத் தாமே ஓட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று கார் சாலையை விட்டு விலகிற்று; ஓரத்துப் பாறையில் மோதி உருண்டது. காரைப் பார்த்தவர்கள் உள்ளே இருந்தவர் பிழைத்திருக்க மாட்டார் என்றே நினைத்திருப்பார்கள். மர்ரே பெரிய காயம் ஏதுமின்றி வெளியே வந்தார்.

நடந்தது என்ன என்று கேட்டபோது அவர் சொன்னது இது: சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் இருந்தது, கார் சறுக்கிவிட்டது. வேக வரம்பை நான் மீறவில்லை. சீட் பெல்ட்டும் அணிந்திருந்தேன்.

நம்பத்தக்க விளக்கந்தான். பனிக்கட்டியின் மேல் உராய்வு எவ்வளவு குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். வேறு சாட்சி யாரும் இல்லை. ஆனால் காருக்குள்ளேயே ஒரு சாட்சி இருந்தது. உள்ளங்கை அளவுள்ள ஓர் உலோகப் பெட்டி. 2012 ஜனவரியில் அது பதிந்து வைத்திருந்த எண்கள் வெளியிடப்பட்டன. காரின் வேகம் மணிக்கு 108 மைல் வரை, அதாவது சுமார் 174 கிலோமீட்டர் வரை ஏறியிருந்தது. சீட் பெல்ட் மாட்டப்படவில்லை. பிரேக் மிதிக்கப்படவில்லை. தாம் தூங்கிப் போயிருக்கக்கூடும் என்று மர்ரே ஒப்புக்கொண்டார், அபராதமும் கட்டினார்.

அவர் பொய் சொன்னார் என்று தீர்ப்புக் கூற நான் விரும்பவில்லை. கண்ணயர்ந்த மனிதருக்குத் தம் கால் ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தியது என்று எப்படித் தெரியும்? விழித்திருப்பவர்களின் கதையும் பெரும்பாலும் இதுதான். எங்கள் கல்லூரி வாசலில் ஒருமுறை காரும் சைக்கிளும் மோதிக்கொண்டன. "நூறுல வந்தான் சார்!" என்றார் ஒருவர். "நாற்பதுக்கு மேல் இராது" என்றார் மற்றொருவர். இருவரும் அருகருகே நின்றிருந்தவர்கள்! மனிதனின் கண் வேகத்தை அளக்கும் கருவி அன்று.

அப்படியானால் அந்தப் பெட்டி மட்டும் வேகத்தை எவ்வாறு அறிந்தது? அது சொன்னதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை உங்கள் இயற்பியல் பாடநூலில் இருக்கிறது.

விமானத்தின் கறுப்புப் பெட்டியைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். 1950களில் ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரன் அதற்கு வழிகாட்டினார். பெயர்தான் கறுப்புப் பெட்டி. எளிதில் கண்டெடுப்பதற்காக அதற்கு ஆரஞ்சு வண்ணம் பூசுவார்கள். காரில் உள்ளது அதன் தம்பி என்று எண்ணிவிடாதீர்கள். அது பிறந்த குடும்பமே வேறு. விபத்தைப் பதிவு செய்வதற்கென்று அதை யாரும் முதலில் படைக்கவில்லை. மோதல் நேரும்போது ஓட்டுநரின் முகத்துக்கு முன்னால் காற்றுப்பையை விரிப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்யும் கருவி அது. முடிவு செய்வதற்கு அளக்க வேண்டும். அளந்ததைக் கொஞ்சம் எழுதியும் வைத்தால் என்ன என்று பொறியாளர்கள் நினைத்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1974இலேயே காற்றுப்பை பொருத்திய கார்களில் இத்தகைய எளிய பதிவுக்கு ஏற்பாடு செய்தது. 1999ஆம் ஆண்டு மாடல்களில், மோதலுக்கு முந்தைய 5 வினாடிகளின் வேகத்தையும் பிரேக்கையும் பதியும் முறையை அந்நிறுவனம் கொண்டுவந்தது. 2000இல் அதைப் படிக்கும் சாதனம் வெளியில் விற்பனைக்கு வந்தது. அதன் பிறகே போலீசாரும் நீதிமன்றங்களும் பெட்டியைத் தேடத் தொடங்கினர்.

பெட்டி காரின் நடுப்பகுதியில், முன் இருக்கைகளுக்கு இடையே, தரையோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கும். அதன் உள்ளே முடுக்கமானி ஒன்று இருக்கிறது. பழைய நாளில், காந்தம் பிடித்து வைத்த ஓர் எஃகுக் குண்டு பலமான அதிர்ச்சியில் விடுபட்டு முன்னால் பாய்ந்து மின்சுற்றை மூடும் அமைப்பு இருந்தது. இன்று சிலிக்கன் சில்லில் செதுக்கிய நுண்ணிய எடைக்கல் ஒன்று, மெல்லிய சிலிக்கன் விற்களில் தொங்குகிறது. கார் திடீரென வேகம் குறைந்தால், பஸ்ஸில் நிற்கும் நீங்கள் முன்னால் சாய்வதுபோல அந்த எடைக்கல்லும் சாய்கிறது. அதன் பக்கத்துத் தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறுகிறது, மின்தேக்குத்திறன் மாறுகிறது. மாற்றத்தை அளந்தால் முடுக்கம் தெரிந்துவிடும். நியூட்டனின் முதல் விதிதான், வேறொன்றுமில்லை.

முடுக்கம் தெரிந்தால் வேகம் எவ்வளவு மாறிற்று என்பதும் தெரியும். முடுக்கத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வரைபடத்தில் கோட்டின் கீழுள்ள பரப்பைக் கணக்கிடுகிறீர்களே, அதே வேலை. இதற்கு 'வேக மாற்றம்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதி 0.1 வினாடியில் நின்றுவிட்டது எனக் கொள்வோம். வினாடிக்கு 13.9 மீட்டர் வேகம் 0.1 வினாடியில் மறைகிறது. சராசரி முடுக்கம் 139 மீ/வி². புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 14 மடங்கு!

பெட்டி எப்பொழுதும் விழித்திருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருப்பதில்லை. அதன் நினைவகத்தை ஒரு சிறிய கரும்பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி 5 வினாடிகளுக்கு மட்டுமே அதில் இடம். புதிய வரி எழுத வேண்டுமானால் பழைய வரியை அழிக்க வேண்டும். கார் ஓடும் நேரமெல்லாம் இந்த எழுதலும் அழித்தலும் நடக்கிறது. மோதல் நேர்ந்தால் அழிப்பது நின்றுவிடும். பலகையில் இருப்பது அப்படியே நிலைக்கும். காற்றுப்பை விரிந்துவிட்டால் அந்தப் பதிவைப் பிறகு யாராலும் சாதாரணமாக அழிக்க முடியாது. மோதலில் பாட்டரி கழன்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பெட்டிக்குள் ஒரு மின்தேக்கி இருக்கிறது. காற்றுப்பையை விரிக்கவும், எண்களை எழுதி முடிக்கவும் போதுமான மின்னூட்டத்தை அது சேமித்து வைத்திருக்கும்.

சரி, மோதல் என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? அமெரிக்க அரசு 2006இல் வகுத்து, 2012 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 150 மில்லி வினாடிக்குள் வேக மாற்றம் மணிக்கு 8 கி.மீ. அளவை எட்டினால் அது பதிய வேண்டிய நிகழ்ச்சி. ஏன் 8? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். உலர்ந்த தார்ச்சாலையில் எவ்வளவு அழுத்தி பிரேக் போட்டாலும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 மடங்கு அளவே வரும். அதாவது ஏறத்தாழ 7.8 மீ/வி². அதை 0.15 வினாடியால் பெருக்கினால் 1.2 மீ/வி, மணிக்கு 4 கி.மீ. சொச்சம். எனவே வெறும் பிரேக்குக்குப் பெட்டி அசையாது. இடித்தால்தான் அசையும்.

இனி இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருவோம். பெட்டி இருக்கும் காரைப் பற்றி அது சாட்சி சொல்வதில் பெரிய விந்தை இல்லை. பெட்டியே இல்லாத வேறொரு காரைப் பற்றியும் அது சாட்சி சொல்லும்!

சிக்னலில் ஒரு கார் நிற்கிறது. அதன் நிறை 1,500 கி.கி. பின்னால் வந்த 1,000 கி.கி. நிறையுள்ள பழைய கார் அதை இடிக்கிறது. பழைய காரில் பெட்டி கிடையாது. "நான் 20 கி.மீ. வேகத்தில்தான் வந்தேன், முன்னால் இருந்தவர் திடீரென்று பின்னால் வந்தார்" என்கிறார் அதன் ஓட்டுநர். முன் காரின் பெட்டியைப் படிக்கிறோம். 5 வினாடிகளிலும் வேகம் 0. பிறகு 16 கி.மீ. வேக மாற்றம், முன்னோக்கி. அது பெற்ற உந்தம் 1,500 × 16 = 24,000. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இதே அளவு உந்தத்தைப் பின் கார் இழந்திருக்க வேண்டும். அதன் நிறை 1,000. எனவே அதன் வேகம் 24 கி.மீ. குறைந்தது. இரண்டு கார்களும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு 16 கி.மீ. வேகத்தில் நகர்ந்தன என்றால், பழைய கார் வந்த வேகம் 16 + 24 = 40 கி.மீ. சிக்காமல் சற்று விலகிப் போயிருந்தால் 40ஐவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். ஆனால் இழந்ததே 24 அல்லவா? 20 கி.மீ. வேகத்தில் வந்த கார் 24ஐ இழந்தால் பின்னோக்கித் தெறித்திருக்க வேண்டும். ஓட்டுநரின் கதை நிற்கவில்லை.

தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் உந்த அழியா விதி ஒரு மனிதரின் மேல் விழுந்த வீண்பழியைத் துடைக்கிறது, பார்த்தீர்களா?

ஆனால் பெட்டி சொல்வதெல்லாம் வேதவாக்கு என்றும் எண்ணிவிடக் கூடாது. மோதலுக்கு முந்தைய 5 வினாடிகளில் பதிவாகும் வேகம் முடுக்கமானியிலிருந்து வருவதன்று. சக்கரங்களும் அவற்றோடு சேர்ந்த பற்சக்கரங்களும் சுழலும் வேகத்திலிருந்து வருகிறது. சக்கரத்தின் வேகமும் காரின் வேகமும் எப்போதும் ஒன்றா? பிரேக்கால் சக்கரம் இறுகிப்போய், கார் தேய்த்துக்கொண்டு சென்றால் சக்கரம் காட்டுவது 0. கார் ஓடுவதோ 60. பனிக்கட்டியிலோ சேற்றிலோ சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றால் நேர்மாறு. மர்ரேயின் கதையில் உங்களில் யாராவது, "அந்த 108 மைல், பனியில் வீணாகச் சுழன்ற சக்கரத்தின் வேகமாக இருக்கலாமே?" என்று கேட்டிருந்தால் உங்களுக்கு என் பாராட்டு. விசாரிப்பவர் கேட்டாக வேண்டிய கேள்வி அது. விடை எண்களின் வரிசையில் இருக்கும். பிடிப்பை இழந்த சக்கரத்தின் வேகம் ஒரே தாவலில் ஏறும். ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட முழுக் காரையும் இழுத்துக்கொண்டு ஏறும் வேகம் அப்படித் தாவ முடியாது, படிப்படியாகத்தான் ஏறும்.

அடுத்த குறை இன்னும் நுட்பமானது. 2006இன் விதிப்படி பெட்டி வினாடிக்கு 2 முறைதான் வேகத்தையும் பிரேக்கையும் குறித்துக்கொள்கிறது. அரை வினாடிக்கு ஒரு புள்ளி. இடையில் நடப்பது தெரியாது. அரை வினாடியில் என்ன ஆகிவிடப்போகிறது என்கிறீர்களா? ஒரு வளைவைத் தாண்டி 45 மீட்டரில் பழுதாகி நின்ற லாரி. அதன் பின்புறத்தில் கார் மோதிவிட்டது. பெட்டியில் உள்ளது இது: மோதலுக்கு 1.5 வினாடி முன்பு வரை வேகம் 72, பிரேக் இல்லை. 1 வினாடி முன்பு வேகம் 72, பிரேக் உண்டு. அரை வினாடி முன்பு 60. மோதும்போது 48.

பிரேக் எப்போது மிதிக்கப்பட்டது? ஒன்றரை வினாடிக்கும் ஒரு வினாடிக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். பார்த்ததிலிருந்து மிதிப்பதற்கு ஓட்டுநருக்கு 1 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அவர் லாரியைக் கண்டது மோதலுக்கு 2 முதல் 2.5 வினாடி முன்பு. தூரமாக மாற்றுவோம். கடைசி 1 வினாடியில் சராசரி வேகம் 60 கி.மீ.; அதில் கடந்தது ஏறக்குறைய 17 மீட்டர். அதற்கு முன்னால் வினாடிக்கு 20 மீட்டர். ஆகவே அவர் லாரியைக் கண்ட இடம் 37 மீட்டரிலும் இருக்கலாம், 47 மீட்டரிலும் இருக்கலாம். லாரி கண்ணில் படத் தொடங்கும் இடமோ 45 மீட்டர். 45இல் கண்டிருந்தால் அவர் கண்ட மாத்திரத்தில் கடமையைச் செய்தவர். 37 என்றால் 8 மீட்டர் தூரம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தவர். ஒருவர் கவனமானவரா, கவனக்குறைவானவரா என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் தொங்குகிறது! 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு விதியைத் திருத்தி, 5 வினாடியை 20 வினாடியாகவும், வினாடிக்கு 2 என்பதை 10 ஆகவும் உயர்த்த முடிவு செய்தது. அந்த முடிவின் அருமை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

2009, 2010ஆம் ஆண்டுகளில் டொயோட்டா கார்களைப் பற்றி அமெரிக்காவில் பெரும் புகார் எழுந்தது. கார் தானாகவே சீறிப் பாய்கிறது, பிரேக்குக்குக் கட்டுப்படவில்லை என்று பலர் முறையிட்டனர். கால்மிதி விரிப்பில் ஆக்சிலரேட்டர் சிக்குவதும், சில கார்களில் மிதிக்கட்டை ஒட்டிக்கொள்வதும் உண்மை என்று தெரிந்து லட்சக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஆனால் மின்னணுச் சுற்றிலேயே கோளாறு இருக்குமோ என்ற ஐயம் தீரவில்லை. விண்வெளி ஆராய்ச்சி அமைப்பான நாசாவின் பொறியாளர்களையே அழைத்தார்கள். விபத்துக்குள்ளான 58 கார்களின் பெட்டிகளும் படிக்கப்பட்டன. பாதிக்கு மேற்பட்டவற்றில் பிரேக் மிதித்ததற்கான பதிவே இல்லை. பிரேக் என்று நினைத்துப் பலர் ஆக்சிலரேட்டரை அழுத்தியிருக்க வேண்டும் என்பது 2011 பிப்ரவரியில் வந்த முடிவு. நாசாவுக்கும் அத்தகைய பாய்ச்சலை விளக்கும் மின்னணுக் கோளாறு அகப்படவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டது காரின் மின்னணு அமைப்பு. சாட்சி சொல்வதும் அதே காரின் மின்னணு அமைப்பு. உறவினரின் சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதலாமா? கூடாது. அதனால்தான் நல்ல புலனாய்வாளர் பெட்டியோடு நிற்பதில்லை. சாலைக்குப் போய்த் தேய்ந்த டயர்த் தடத்தை நாடாவால் அளக்கிறார். தடம் 30 மீட்டர், உராய்வுக் கெழு 0.7 என்றால், 2 × 0.7 × 9.8 × 30 என்பதன் வர்க்கமூலம் 20.3 மீ/வி, மணிக்கு 73 கி.மீ. பெட்டி 75 என்றால் சரி. 110 என்றால் ஏதோ தவறு. சீட் பெல்ட்டை எடுத்துப் பார்க்கிறார். மோதலின்போது உடலின் பாரத்தைத் தாங்கிய பட்டையில் உரசிய தடம் இருக்கும். பிரேக் விளக்கு பழைய இழை பல்பாக இருந்தால் அதையும் கழற்றிப் பார்க்கிறார். எரிந்துகொண்டிருந்த டங்ஸ்டன் இழை சூட்டில் இளகியிருக்கும். மோதலின் அதிர்ச்சியில் இழுபட்டுச் சுருள் குலைந்து நிற்கும். எரியாத இழை குளிர்ந்து விறைப்பாக இருப்பதால் அப்படியே இருக்கும், அல்லது பட்டென்று ஒடியும். பிரேக் மிதிக்கப்பட்டதா என்பதற்கு, எந்தக் கணிப்பொறியையும் கேட்காமல் கிடைக்கும் விடை இது. இன்றைய விளக்குகளில் இழை இல்லை. சக்கரம் இறுகாமல் காக்கும் பிரேக் அமைப்பு வந்தபின் டயர்த் தடமும் மங்கிப்போயிற்று. பழைய சாட்சிகள் ஒவ்வொன்றாக விடைபெற, பெட்டியின் பொறுப்பு கூடிக்கொண்டே வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் புதிய கார் எதுவாயினும் இப்பெட்டி கட்டாயம்.

இது நம்மை வேவு பார்க்காதா என்று சிலர் அஞ்சுகிறார்கள். கார் எங்கே போயிற்று, உள்ளே யார் என்ன பேசினார்கள் என்பதை இப்பெட்டி பதிவதில்லை. அமெரிக்காவில் 2015இல் வந்த சட்டம், பதிவுகள் காரின் உரிமையாளருக்கே சொந்தம் என்று கூறுகிறது; மற்றவர்கள் படிக்க அவரது இசைவோ நீதிமன்ற ஆணையோ வேண்டும். அந்த வகையில் எனக்குப் பெரிய கவலை இல்லை. என் கவலை வேறு.

ஒரு கணக்கு. 1,200 கி.கி. கார், சைக்கிளில் செல்லும் ஒருவரை இடிக்கிறது. சைக்கிளோடு சேர்த்து அவர் நிறை 75 கி.கி. மோதிய பின் அவரையும் சுமந்துகொண்டு கார் நகர்கிறது எனக் கொள்வோம். காரின் வேகம் 50 கி.மீ. என்றால் அதன் வேக மாற்றம் எவ்வளவு? 50 × 75 ÷ 1,275. ஏறத்தாழ 3 கி.மீ. பெட்டியை எழுப்ப வேண்டியதோ 8 கி.மீ. சைக்கிள்காரர் உயிருக்குப் போராடுவார்; பெட்டி அசையாது. கரும்பலகையின் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்துகொண்டே போகும். சில உயர்விலைக் கார்களில் பாதசாரி மோதினால் முன்மூடி மேலெழும் அமைப்பு உண்டு. அது இயங்கினால் அதையும் பதிய வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் விதி சொல்கிறது. அந்த அமைப்பு இல்லாத காரில் பெட்டி விழிக்க வேண்டுமானால், சைக்கிள்காரரை அது எந்த வேகத்தில் இடித்திருக்க வேண்டும்? காகிதத்தை எடுத்துக் கணக்கிடுங்கள். எனக்கு வந்த விடை மணிக்கு 136 கி.மீ.